சுண்ணாம்புச் சுவரில் ஒட்டிய தவளை

மழை பெய்து ஓய்ந்த ராத்திரி. பொன்னேரிப் பக்கம் ஒரு வீட்டில் பாத்ரூம் லைட்டைப் போட்டதும், சுவரில் அரக்குப் பழுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. "ஐயோ தேரை! துடைப்பத்தை எடு!" அவ்வளவுதான், அன்றோடு அதன் கதை முடிந்தது. ஆனால் அந்தத் தவளைக்குக் கிட்டத்தட்ட இருநூறு வருட சரித்திரம் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

பாடப் புத்தகத்தில் தேரை என்றால் தரையில் இருக்கும் சொறித் தவளை. ஊர்ப் பேச்சில் பல இடங்களில் சுவரில் தாவும் இந்த மரத்தவளைதான் தேரை. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஜான் எட்வர்ட் கிரே 1830-ல் இதற்கு 'ஹைலா மாகுலாட்டா' என்று பெயர் வைத்தார். 'மாகுலாட்டா' என்றால் புள்ளி உள்ளது. தொடையின் பின்பக்கம் மஞ்சள் புள்ளிகள் இருக்கும். பிறகு இது 'பாலிபெடாடிஸ் மாகுலாட்டஸ்' ஆனது.

சுவாரசியமான பெயர் வேறு ஒன்று. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் இதை 'சுனாம் ஃபிராக்' என்றார்கள். சுனாம் வேறு எதுவும் இல்லை, நம்ம சுண்ணாம்புதான்! வெள்ளையடித்த சுவரில் ஏறி உட்காருவதால் அந்தப் பெயர். கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு பளிங்கு மாதிரி பளபளப்புக்குப் பேர் போனது. பொன்னேரிக்குப் பக்கத்தில் இருக்கும் பழவேற்காடு ஏரியும் கிளிஞ்சல் கிடைக்கும் இடம்தான்.

வழவழப்பான சுவரில் எப்படி ஒட்டுகிறது? விரல் நுனியில் வட்டமான தட்டுகள். அதில் நுண்ணிய அறுகோணச் செல்கள், அவற்றுக்கு நடுவே ஈரம். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே தண்ணீர் விட்டால் ஒட்டிக்கொள்ளுமே, கிட்டத்தட்ட அதே வித்தைதான். இடத்துக்குத் தக்கபடி நிறமும் வெளிறும், கருக்கும். மழைக்காலத்தில் பெண் தவளை ஒரு திரவத்தைச் சுரந்து, பின்னங்காலால் அடித்து நுரைக்கூடு கட்டும். தண்ணீருக்கு மேலே இலையிலோ தொட்டிச் சுவரிலோ அந்தக் கூடு ஒட்டியிருக்கும். முட்டை பொரிந்து தலைப்பிரட்டைகள் நேராகத் தண்ணீரில் விழும்.

இதன் சொந்தக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மெட்ராஸ் ராணுவத்தில் டாக்டராக இருந்த தாமஸ் ஜெர்டான் 1853-ல் தென்னிந்திய ஊர்வனவற்றுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார், அதில் தவளைகளும் உண்டு. அவர் பெயரைத் தாங்கிய வடகிழக்கு இந்திய மரத்தவளை ஒன்று 1876-ல் விவரிக்கப்பட்டது. அதன்பின் ஒருவர் கண்ணிலும் படவில்லை. எஸ்.டி.பிஜு குழுவினர் அதை மறுபடி கண்டுபிடித்ததை 2016-ல் அறிவித்தார்கள். மரப் பொந்துத் தண்ணீரில் வளரும் தன் குஞ்சுகளுக்குத் தாய்த் தவளை கருவுறாத முட்டைகளை இட்டு உணவாகக் கொடுக்கிறது!

இவ்வளவு இருந்தும் இந்த ஜீவனுக்கு ஊரில் கெட்ட பெயர். தேங்காய் உள்ளே பருப்பில்லாமல் போனால் 'தேரை மோந்த தேங்காய்'. குழந்தை எலும்பும் தோலுமாக இளைத்தால் 'தேரை விழுந்த குழந்தை'. உண்மையில் தேங்காய்க்குக் காரணம் மகரந்தச் சேர்க்கைக் குறையோ சத்துக் குறையோதான். குழந்தைக்குப் பெரும்பாலும் சாப்பாட்டுக் குறையும் நோயும்.

இங்கே ஒரு ஒப்பீடு. ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் (இன்றைய கானா) டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், குழந்தைகளின் ஒரு நோய்க்கு அந்த ஊர்த் தாய்மார்கள் சொன்ன 'குவாஷியார்கர்' என்ற பெயரையே 1935-ல் மருத்துவ உலகுக்குச் சொன்னார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பால் இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. அந்தச் சொல்லிலேயே காரணம் இருந்தது. நம் சொல்லோ பழியைத் தவளை மேல் போட்டது. தவளையை அடித்தால் குழந்தை தேறாது. தாயத்துக் கட்டக் காத்திருக்கும் நாட்களில் குழந்தை இன்னும் இளைக்கும்.

இன்று சுண்ணாம்புச் சுவர் போய் பெயின்ட் வந்துவிட்டது. தவளைக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அதற்கு வேண்டியது கொஞ்சம் ஈரம், கொஞ்சம் செடி, குஞ்சு விழத் தேங்கிய நல்ல தண்ணீர். குட்டையை மூடி மனை போட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை.

ஆகவே அடுத்த முறை பாத்ரூம் சுவரில் தேரையைப் பார்த்தால் துடைப்பத்தைத் தேடாதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பூச்சி பிடிக்க அதுவே வெளியே போய்விடும். குழந்தை இளைத்திருந்தால்? உடனே டாக்டரிடம் காட்டுங்கள்!