ஒவ்வாமை: ஒரு சொல் சுருங்கிய வரலாறு

பென்சிலின் ஊசிக்கு முன்னால் துளியளவு மருந்தை முன்கைத் தோலுக்கடியில் ஏற்றி, பேனாவால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, 'உக்காருங்க, அரிச்சா சொல்லுங்க' என்று நர்ஸ் போய்விடுவார். அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மதியத்தில்தான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது: காக்க வேண்டிய உடம்பு எதற்காகத் தன்னையே கொல்லப் பார்க்கிறது? 'எதிர்ப்புச் சக்தி' என்று போர்க்களத்துச் சொல்லை உடம்பின்மேல் ஒட்டிவிட்ட நமக்கு இதற்கு விடை கிடைப்பதில்லை. காவல்காரனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பதற்குமேல் அந்த உருவகத்தால் எதையும் சொல்ல முடியாது.

1901-இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் ஷார்ல் ரிஷே, பால் போர்த்தியே என்ற இரு பிரெஞ்சு உடலியலாளர்கள் கடலுயிர்களின் நஞ்சை ஆராயத் தொடங்கினர். பாரிஸ் திரும்பியபின் கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றிப் பார்த்தனர். நஞ்சைத் தாங்க நாயைப் பழக்கலாம் என்பது எதிர்பார்ப்பு. நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கிக்கொண்டு நன்றாகவே இருந்தது. சில வாரங்கள் கழித்து மறுபடியும் போட்டபோது மூச்சிரைத்து, வாந்தியெடுத்து, 25 நிமிடத்தில் செத்துப்போயிற்று. 1902-இல் ரிஷே இதற்கு 'அனஃபிலாக்சிஸ்' எனப் பெயரிட்டார்: காப்புக்கு நேரெதிரானது. காப்பே இயல்பு, இது பிறழ்வு என்கிற தீர்ப்பு பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது. 1913-இல் நோபல் பரிசு ரிஷேவுக்கு மட்டும் போயிற்று. போர்த்தியேவுக்கு இல்லை. இது வழக்கமான கதைதான்.

வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே வேறு மாதிரி யோசித்தவர். தொண்டை அடைப்பானுக்குக் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தைக் குழந்தைகளுக்குப் போட்ட காலம் அது. ஊசி போட்டு ஒரு வாரத்துக்கு மேலான பிறகு சிலருக்குக் காய்ச்சலும் தடிப்பும் வந்தன. இரண்டாம் முறை போட்டால் சீக்கிரமே, சிலசமயம் அன்றைக்கே வந்தன. பேலா ஷிக்குடன் சேர்ந்து 1905-இல் இதைப் புத்தகமாக எழுதினார். மறு ஆண்டு 'அலர்ஜி' என்ற சொல்லை உருவாக்கினார். கிரேக்கத்தில் 'வேறு', 'வினை' என்ற இரு சொற்களின் சேர்க்கை. ஒன்றை ஒருமுறை சந்தித்த உடம்பு பழைய உடம்பு அல்ல, அதன் வினை மாறிவிடுகிறது. அம்மை கண்டவனுக்கு மறுபடி அம்மை வராததும், சீரம் ஏற்றிய குழந்தைக்குத் தடிப்பு வருவதும் அந்த மாற்றத்தின் இரண்டு முகங்கள் என்றார். நன்மை தீமை என்ற தீர்ப்பைச் சொல்லுக்குள் நுழையவிடவில்லை என்பதே எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. நிலைத்தது சொல் மட்டும்தான். கெடுதலுக்கு மட்டுமான பெயராக அதைச் சுருக்கிவிட்டார்கள்.

பின்னால் வந்த ஆய்வுகள் பிர்கே பக்கமே சாய்கின்றன. 1921-இல், மீன் ஒத்துக்கொள்ளாத கூஸ்ட்னரின் சீரத்தைப் ப்ரௌஸ்னிட்ஸ் தன் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாறு பட்டதும் தடித்துப்போயிற்று. ஒருவரின் ஒவ்வாமை இன்னொருவரின் தோலுக்குக் குடிபெயர்ந்தது! சீரத்தில் இருந்த அந்த ஏதோவொன்றை 1966-இல் இஷிசாகா தம்பதியர் அடையாளம் கண்டனர்: ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்பொருள். முதல் சந்திப்பில் உருவாகும் இது மாஸ்ட் செல்களின்மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே பொருள் மறுபடி வந்து பற்றியதும் செல் ஹிஸ்டமினைக் கொட்டும், ரத்தக் குழாய்கள் கசியும், மூச்சுக்குழல் இறுகும். அதாவது உடம்பு இங்கே தவறு எதையும் செய்யவில்லை, நினைவு வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

தமிழில் 'சேரலை', 'ஒத்துக்கலை' என்றுதான் நம் ஜனங்கள் சொல்கிறார்கள். 'ஒவ்வாமை'யும் அந்த வழிதான். இதில் எதிரி இல்லை, இரண்டுக்கும் இடையிலான உறவுதான் இருக்கிறது. நம் பாடப்புத்தகங்களோ இன்றும் படைவீரர்களை வரைந்து காட்டுகின்றன.

ரிஷேவுக்குத் திரும்புகிறேன். அந்நியப் பொருளை முறியடிக்கும் அதே வேகத்தில் ஓர் உடல் செத்துவிழுவதை முதன்முதலாக விளக்கி எழுதிய அந்த மனிதர்தான், 1919-இல் வெளியான தம் நூலில் வெள்ளை இனத்தில் கலப்பு கூடாது, குறையுள்ளவர்கள் பெருகக்கூடாது என்று வாதாடினார். பிரெஞ்சு இனமேம்பாட்டுச் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார்.