ஹான்லே இருண்ட வான் காப்பகம்

லடாக்கின் சாங்தாங் பகுதியில், கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. இந்தியாவின் முதல் இருண்ட வான் காப்பகமாக இது 2022இல் அறிவிக்கப்பட்டது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் இங்கு இயங்குகிறது. அதன் 2 மீட்டர் தொலைநோக்கி சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது. காற்றில் ஈரம் மிகக் குறைவு, அருகில் பெருநகரமும் இல்லை. ஆகவே நிலவில்லா இரவில் பால்வழி மண்டலம் வெறுங்கண்ணுக்கே துலக்கமாகத் தெரியும். இந்த இருளைக் காப்பதில் பெரும்பங்கு ஊர்மக்களுடையது. சன்னல்களுக்குத் தடித்த திரையிடுகிறார்கள், விளக்குகளின் ஒளி மேலே சிதறாமல் மறைக்கிறார்கள். பயிற்சி பெற்ற சிலர் வருவோருக்குத் தொலைநோக்கியில் வானத்தைக் காட்டுகிறார்கள். கண் இருளுக்குப் பழக அரைமணி நேரம் வேண்டும். கைவிளக்கில் சிவப்பொளியே ஏற்றது. உயரத்துக்கு உடல் பழக, லே நகரில் சில நாள் தங்கிய பிறகே செல்ல வேண்டும்.