ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கியவர்

ஆபீஸ் ஏசி குளிருக்கே ஸ்வெட்டர் தேடுற ஆளு நான். அமுண்ட்சென் (1911-ல் தென் துருவத்தை முதலில் தொட்டவரேதான்) சின்ன வயசில் நார்வேயின் பனிக்காலத்திலும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்குவாராம். அம்மா கேட்டால், நல்ல காத்து பிடிக்கும்னு சமாளிப்பு. மகன் டாக்டராவான்னு நம்பின அம்மாகிட்ட, துருவம் போக உடம்பைப் பழக்குறேன்னா சொல்ல முடியும்?

1893-ல் அம்மா இறந்ததும் மருத்துவப் படிப்புக்கு முழுக்கு. 1896 ஜனவரியில் அண்ணன் லியோனோடு ஹார்டாங்கர் பீடபூமியைப் பனிச்சறுக்குக் கட்டையில் கடக்கப் போனார். கூடாரம் கூடக் கிடையாது. பனிப்புயலில் வழி தப்பியது, சாப்பாடும் போச்சு. ஒரு ராத்திரி பனியில் குழி தோண்டிப் படுத்தார். ஈரப்பனி அவரைச் சுத்தி அப்படியே உறைஞ்சிடுச்சு. அசைய முடியலை, கத்தினாலும் வெளியே கேக்கலை. அண்ணன் தேடிக் கண்டுபிடிச்சுத் தோண்டி எடுத்ததால் பிழைத்தார்.

இதைத்தான் துருவத்துக்கான பயிற்சின்னு பெருமையா எழுதுறாங்க. உடம்புக்குச் சரி. நிதானம் வந்ததா?

1911 செப்டம்பர் 8. ஸ்காட் முந்திடுவாரோங்கிற பதட்டத்தில், குளிர்காலம் முழுசா முடியறதுக்குள்ளயே கிளம்பிட்டார். மைனஸ் 56 டிகிரி. வேற வழியில்லாமல் திரும்ப வேண்டியதாச்சு. கடைசி நாளில் அவர் முன்னாடி வேகமா முகாமுக்குப் போய்ச் சேர்ந்துட்டார். பின்தங்கிப்போன பிரெஸ்ட்ரூடைக் காப்பாத்திக் கூட்டி வந்தது யோஹான்சென். இப்படியா விட்டுட்டு வர்றதுன்னு எல்லார் முன்னாலும் கேட்டதும் அவர்தான்.

அக்டோபரில் மறுபடி கிளம்பி, டிசம்பர் 14-ல் ஐந்து பேர் துருவத்தில் கொடி நட்டார்கள். அதில் யோஹான்சென் இல்லை.