டி.எஸ்.எல்.ஆர் வாங்கியாச்சு... அடுத்து லென்ஸா, ட்ரைபாடா? லாங் எக்ஸ்போஷர் பழகுவோருக்கு ஒரு கையேடு!

கொல்லிமலை ஆகாய கங்கைக்குப் போய் வந்தவர்கள் போடும் சில படங்களில், அருவி வெள்ளைப் பட்டுத் துணிபோல வழிந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்ததும், ராசிபுரம் பக்கம் புதிதாக கேமரா வாங்கிய தம்பிகள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, இதுக்கு எந்த லென்ஸுங்க வாங்கணும்?"

பதில்: இப்போதைக்கு எதுவும் வேண்டாம். கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸே போதும். முதல் காசை ஆடாத ட்ரைபாடுக்குக் கொடுங்கள்.

ஏன்? குறைந்த வெளிச்சத்தில் கையில் பிடித்தபடி எடுக்கத்தான் எஃப்/1.8 போன்ற விலை கூடிய லென்ஸ் உதவும். லாங் எக்ஸ்போஷரில் நாமே எஃப்/8, எஃப்/11 என்று துளையைச் சுருக்கிவிடுகிறோம். அந்த அளவில் கிட் லென்ஸும் நன்றாகவே கூர்மை காட்டும்.

அருவிக்கு என்ன செட்டிங்?

கேமராவை 'எம்' மோடில் வையுங்கள். ஐ.எஸ்.ஓ 100, அப்பர்ச்சர் எஃப்/11, ஷட்டர் அரை விநாடி முதல் 1 விநாடி. ஆட்டோ ஃபோகஸில் குறிவைத்துவிட்டு, லென்ஸை மேனுவலுக்கு மாற்றுங்கள். ட்ரைபாடில் இருக்கும்போது லென்ஸின் நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள். பட்டனை அழுத்தும் அதிர்வு படத்தில் விழாமலிருக்க 2 விநாடி டைமர் போதும்.

காலையிலோ மேகமூட்டத்திலோ இது சரிப்படும். வெயில் ஏறிவிட்டால் படம் வெளுத்துப்போகும். அப்போது என்.டி ஃபில்டர் வேண்டும். லென்ஸுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டுவது மாதிரிதான் இது. 6 ஸ்டாப் ஃபில்டர் வெளிச்சத்தை 64 மடங்கு குறைக்கும். 1/60 விநாடி தேவைப்பட்ட இடத்தில் ஏறக்குறைய 1 விநாடி கிடைக்கும். 10 ஸ்டாப் என்றால் சுமார் 1000 மடங்கு. அதே 1/60, 17 விநாடி ஆகிவிடும். ஃபில்டர் வாங்கும்முன் அளவைப் பாருங்கள். கேனான் 18-55 லென்ஸுக்குப் பெரும்பாலும் 58 மி.மீ, நிக்கான் ஏ.எஃப்-பி 18-55க்கு 55 மி.மீ.

ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். திரும்ப ஏறவும் வேண்டும். ட்ரைபாட் எடையை யோசித்து வாங்குங்கள். மழை நாளில் பாசி படிந்த பாறையில் ட்ரைபாடை நிறுத்தாதீர்கள், நீங்களும் நிற்காதீர்கள்.

ஊருக்குள்ளேயே பழகலாம்

ஆண்டகளூர் கேட் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 நல்ல பயிற்சிக்களம். இருட்டத் தொடங்கும் நேரத்தில் ஐ.எஸ்.ஓ 100, எஃப்/11, 10 முதல் 20 விநாடி. வரும் வண்டிகள் வெள்ளைக் கோடாகவும் போகும் வண்டிகள் சிவப்புக் கோடாகவும் விழும். சாலையோரத்தில் நிற்க வேண்டாம்; எட்ட இருக்கும் மேடான இடமோ மொட்டை மாடியோ பாருங்கள்.

ஐப்பசியில் நித்திய சுமங்கலி மாரியம்மன் கோயில் திருவிழா வரும். தேர் நிற்கும் நேரத்தில் 1 விநாடி வைத்தால், தேர் அசையாமல் நிற்க, சுற்றி நடக்கும் கூட்டம் ஆறுபோல ஓடும். கூட்டத்தின் வழியில் மட்டும் ட்ரைபாடை விரிக்காதீர்கள்.

அமாவாசை இரவில் போதமலையை முன்னால் வைத்து நட்சத்திரங்கள் எடுக்கலாம். 18 மி.மீ, எஃப்/3.5, ஐ.எஸ்.ஓ 1600. 500ஐ லென்ஸ் நீளத்தாலும் 1.6ஆலும் வகுத்தால் 17 வரும். அத்தனை விநாடிக்கு மேல் போனால் நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் கோடாக இழுபடும். நிக்கானுக்கு 1.6க்குப் பதில் 1.5.

செகண்ட் ஹேண்ட் லென்ஸ்: இங்கேதான் காசு போகும்

ஸ்டூடியோக்காரர்கள் பலர் மிரர்லெஸுக்கு மாறியதால், பழைய லென்ஸ்கள் சல்லிசாகக் கிடைக்கின்றன. "மாட்டுனா சேரும் தம்பி" என்ற பேச்சை நம்பி ஐந்தாறாயிரத்தைக் கொடுத்துவிட்டால், திரும்ப வாங்குவது கஷ்டம்.

கேனான் 1500டி, 3000டி போன்ற கேமராக்களில் இ.எஃப், இ.எஃப்-எஸ் இரண்டும் சேரும். 1987-ல் வந்த முதல் இ.எஃப் லென்ஸ்கூட மாட்டலாம். மிரர்லெஸுக்கான ஆர்.எஃப் லென்ஸ் சேராது.

நிக்கானில்தான் சிக்கல். எஃப் மவுண்ட் 1959-ல் வந்தது; மாட்டுவதெல்லாம் முழுதாக வேலை செய்யாது. டி3500, டி5600 போன்ற கேமராக்களின் பாடியில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டாரை உள்ளேயே வைத்திருக்கும் ஏ.எஃப்-எஸ், ஏ.எஃப்-பி லென்ஸ்களே ஆட்டோ ஃபோகஸ் செய்யும். மலிவாகக் கிடைக்கும் ஏ.எஃப் 50 மி.மீ எஃப்/1.8டி லென்ஸில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். டி3100, டி3200, டி5100 பாடிகளில் ஏ.எஃப்-பி லென்ஸ் ஃபோகஸே ஆகாது.

தெரியாமல் அந்த 50 மி.மீ 'டி' லென்ஸை வாங்கிவிட்டீர்களா? வருத்தப்பட வேண்டாம். லாங் எக்ஸ்போஷரில் எப்படியும் மேனுவல் ஃபோகஸ்தானே! லென்ஸில் உள்ள அப்பர்ச்சர் வளையத்தை மிகப் பெரிய எண்ணில் வைத்துப் பூட்டிவிட்டால், கேமராவிலிருந்தே துளையை மாற்றலாம். கல்யாணத்தில் ஓடியாடி எடுக்கத்தான் அது கைகொடுக்காது.

சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் கேனானுக்குத் தனி, நிக்கானுக்குத் தனி. அடாப்டர் போட்டு நிக்கான் லென்ஸைக் கேனான் பாடியில் மேனுவலாகப் பயன்படுத்தலாம். கேனான் லென்ஸை நிக்கானில் போட்டால் தூரத்து மலை ஃபோகஸ் ஆகாது.

காசு கொடுக்கும்முன்...

உங்கள் கேமராவையே கடைக்கு எடுத்துப்போங்கள். லென்ஸை மாட்டி, பாதி பட்டன் அழுத்தி ஃபோகஸ் ஆகிறதா பாருங்கள். எஃப்/16-ல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். செல்போன் டார்ச்சை லென்ஸுக்குள் அடித்து, சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். இந்த மூன்றுக்கும் ஐந்து நிமிடம் ஆகும். அதற்குக்கூட விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், "அப்புறம் வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.