கனத்த குரல்

என் பேரன் ஜெர்மனியில் மேல்படிப்பு படிக்கிறான். போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு அனுப்பியிருந்தான். "தாத்தா, இயர்போன் போட்டுக்கிட்டு கேளுங்க. இவர் மைக்கே இல்லாம பாடுறார்" என்று கூடவே ஒரு குறிப்பு. கேட்டேன். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு ஆண் குரல். பாஷை புரியவில்லை, ஆனால் நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்ந்தது.

ராத்திரி போனில் விளக்கினான். ஐரோப்பாவில் ஓபரா என்பது பாட்டாலேயே நடக்கிற நாடகம். ஆண் குரலை அங்கே மூன்றாகப் பிரிப்பார்களாம். உச்சத்தில் டெனர், நடுவில் பாரிடோன், அடியில் பாஸ். காதலன் வேஷம் பெரும்பாலும் டெனருக்குப் போகும். அரசன், பூசாரி, கிழவன், பிசாசு என்றால் பாஸ் பாடகருக்கு. அந்தக் குரல் சீக்கிரம் பழுக்காது, முப்பது வயதைத் தாண்டித்தான் நிறையும் என்றான். அதுவரை வாத்தியார்கள் அவசரப்படுத்தாமல் மூச்சைப் பழக்குவார்களாம்.

அப்புறம் நானே தேடிப் படித்தேன். ரஷ்யாவில் சாலியாபின் என்று ஒரு பாஸ் பாடகர் இருந்தார். 1873-ல் கஸான் நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் செருப்புத் தைக்கும் கடையில் வேலை கற்றவர். திஃப்லிஸ் ஊரில் உஸாதவ் என்ற பழைய பாடகர் காசு வாங்காமல் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். 1901-ல் இத்தாலியின் லா ஸ்காலா அரங்கில் பிசாசு வேஷத்தில் பாடி உலகப் புகழ் பெற்றார். அடிக்குரல் ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது பாருங்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு நம் ஊர்க் குரல் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. நம் ஊரில் ஓபரா கிடையாது. ஆனால் கனத்த குரலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அந்தக் குரல் ஒரு பெண்ணுடையது. டி.கே. பட்டம்மாள்.

டி என்றால் தாமல். பெங்களூர் ரோட்டில் போகும்போது பெரிய ஏரி வருமே, அந்தத் தாமல்தான். கே என்றால் கிருஷ்ணசுவாமி தீட்சிதர், அவருடைய அப்பா. 1919 மார்ச்சில் காஞ்சிபுரத்தில் பிறந்தார். வைத்த பெயர் அலமேலு. வீட்டில் செல்லமாகப் பட்டா, அதுவே பட்டம்மாள் ஆகிவிட்டது.

அம்மா காந்திமதி நன்றாகப் பாடுவார். ஆனால் அந்தக் காலத்து ஆசாரக் குடும்பம். சொந்தக்காரர்கள் முன்னால்கூட வாய்திறந்து பாட அனுமதி இல்லை. அம்மாவின் பாட்டு வீட்டுச் சுவருக்குள்ளேயே இருந்துவிட்டது. இதை மட்டும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

காஞ்சிபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டும் கோயிலும் இட்லியும்தான். சங்கீதத்துக்கும் இது பெரிய ஊர். முத்துசுவாமி தீட்சிதர் இங்கே சில காலம் தங்கியிருந்து பாடினார். தியாகராஜர் நம் சின்ன காஞ்சிபுரத்து வரதராஜர் மேல் ஸ்வரபூஷணி ராகத்தில் கீர்த்தனை செய்திருக்கிறார். சியாமா சாஸ்திரிகளின் முன்னோர்கள் பங்காரு காமாட்சிக்குப் பூஜை செய்த காஞ்சிக் குடும்பம். மூன்று பேருக்கும் ஊர்ச் சம்பந்தம் உண்டு.

பட்டம்மாளின் சிறுவயதில் இந்த ஊரின் பெரிய வித்வான் காஞ்சிபுரம் நைனா பிள்ளை. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அதனால் அந்தப் பேரை முதலில் கேட்டபோது யாரோ உறவுக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்! 1889-ல் பிறந்து 1934-ல் காலமானவர். பெயர்பெற்ற பாடகி தனகோடி அம்மாளின் தங்கை மகன். இளம் வயதில் பாட்டைவிடக் குஸ்தியில்தான் ஆசையாம். பிறகு பாட்டுக்குத் திரும்பி, தாளத்தில் சிங்கமானார். வயலின், மிருதங்கம் மட்டும் போதாது அவருக்கு. கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறைய ஆட்களை உட்காரவைத்துப் பாடுவார். அதற்கு 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்றே பெயர். கிராமபோனில் பாட மறுத்துவிட்டார். அதனால் அவர் குரல் நமக்குக் கிடைக்கவில்லை, சிஷ்யர்கள் வழியாகத்தான் அவரைக் கேட்கமுடியும். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, வீணை தனம்மாளின் பேத்திகளான பிருந்தா, முக்தா எல்லோரும் அவரிடம் கற்றவர்கள்.

பட்டம்மாள் அவரிடம் நேராகப் பாடம் கேட்டவர் இல்லை. அவருக்குக் குருகுலமே கிடையாது. அப்பா ஆரம்பத்தில் சொல்லிக்கொடுத்தார். தெலுங்கு வாத்தியார் ஒருவர் கொஞ்ச நாள் கற்றுக்கொடுத்தார். மற்றபடி கேள்வி ஞானம்தான். நைனா பிள்ளை இங்கே தியாகராஜ உற்சவம் நடத்துவார். அப்பா குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போவார். விடிய விடிய கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும், மறப்பதற்குள் கேட்ட கீர்த்தனையையும் ராகத்தின் முக்கியமான பிடிகளையும் எழுதிவைத்துக்கொள்வார். தம்பிகள் ரங்கநாதன், நாகராஜன், ஜெயராமன் ஒத்தாசை. அந்த உற்சவத்துப் போட்டியில் பைரவி ராகத்து 'ரக்ஷ பெட்டரே' பாடி, நைனா பிள்ளை கையாலேயே பரிசும் வாங்கினார். கடைசிவரை அவரைத்தான் மானசீக குரு என்று சொல்லிவந்தார்.

பின்னால் சென்னையில் அம்பி தீட்சிதரும், சுப்ரீம் கோர்ட் நீதிபதியான டி.எல். வெங்கட்ராம ஐயரும் அவருக்குத் தீட்சிதர் கிருதிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். பாபநாசம் சிவனிடமும் கற்றார்.

இப்போது குரல் விஷயத்துக்கு வருகிறேன். சுருதியைக் கட்டை என்று சொல்வோம். ஆர்மோனியத்தில் ஸி கட்டையை வைத்துக்கொண்டால் அது ஒரு கட்டை. ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுவார்கள். பெண்கள் ஐந்து கட்டையைச் சுற்றி. மைக் வருவதற்கு முன்னால் இன்னும் ஏற்றித்தான் பாடவேண்டும், இல்லாவிட்டால் கடைசி வரிசைக்குக் கேட்காது. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் உச்ச ஸ்தாயியில் நின்று கொட்டகையையே கட்டிப்போட்ட காலம் அது. உச்சத்தில் கூவினால்தான் பாட்டு என்று ஜனங்களுக்குப் பழகிவிட்டது.

அந்த நேரத்தில் ஒரு சின்னப் பெண் கனமான, இறங்கின சாரீரத்தோடு வருகிறார். முப்பதுகளில் மைக்கும் ரேடியோவும் பரவியது அவருக்கு நல்ல காலம். கத்தவேண்டியதில்லை, குரலை இழைத்து இழைத்துப் பாடலாம், மந்தர ஸ்தாயியில் இறங்கினாலும் கடைசி ஆள் வரை போகும். ஓபரா பாடகர் அந்தக் கனத்தை மூச்சுப் பலத்தால் அரங்கம் முழுக்கக் கொண்டுபோகிறார். நமக்கு மைக் உதவிசெய்தது. கனமான குரல் ஓடாது, நடக்கும். தீட்சிதர் கிருதிகள் சவுக்க காலத்தில் யானை நடை போடுபவை. அந்தக் குரலுக்கு அவை அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தின.

மேடை ஏறியது மட்டும் சுலபமாக இல்லை. பள்ளிக்கூட நாடகத்தில் பாடியதும் பேப்பரில் படம் வந்துவிட்டது. கிராமபோன் கம்பெனிக்காரர்கள் தேடிவந்தார்கள். பெண் குழந்தையின் படம் பேப்பரில் வந்தால் நாளைக்கு யார் கல்யாணம் பண்ணிக்கொள்வார்கள் என்று அப்பாவுக்குக் கவலை. பள்ளித் தலைமை ஆசிரியைதான் எடுத்துச்சொல்லிச் சம்மதிக்கவைத்தார். பத்து வயதுவாக்கில் இசைத்தட்டு வந்தது. சென்னை மாநகராட்சி நடத்திய ரேடியோவிலும் சிறுமியாகவே பாடினார். 1932-ல் ரசிக ரஞ்சனி சபாவில் கச்சேரி. அடுத்த வருஷம் சென்னைக்கே குடிபோனார்கள். பிராமணக் குடும்பத்துப் பெண் சபா மேடையில் உட்கார்ந்து கச்சேரி செய்வது அப்போது பெரிய பேச்சு.

அதைவிடப் பெரிய பேச்சு, அவர் ராகம் தானம் பல்லவி பாடியது. பல்லவி என்றால் கணக்கு. ஒரே வரியைத் தாளத்தில் விதவிதமாகப் பிரித்துக் கூட்டிச் சரியான இடத்தில் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். அது ஆண்கள் சமாசாரம் என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். இவர் நைனா பிள்ளையின் தாளத்தைக் கேட்டு வளர்ந்தவர் அல்லவா? 'பல்லவி பட்டம்மாள்' என்றே பேர் வாங்கினார். பெண்களுக்கு வாசிக்காமல் இருந்த பாலக்காடு மணி ஐயர் இவருக்கு மிருதங்கம் வாசித்தார்.

தறி வீட்டில் பிறந்த எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக, மூன்று நாடா ஓட்டி, பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு நெய்வதை நாம் கோர்வை என்கிறோம். மிருதங்கக்காரர்கள் கணக்கை முடிக்கும் இடத்துக்கும் கோர்வை என்றுதான் பெயர். இரண்டிலும் ஒரு இழை தப்பினால் தெரிந்துவிடும்.

1939-ல் ஈஸ்வரனோடு கல்யாணம். கல்யாணத்துக்குப் பிறகும் பாட்டு நிற்கவில்லை. அதே வருஷம் வெளிவந்த 'தியாகபூமி' படத்தில் பாடினார். படத்தையே வெள்ளைக்காரன் தடைசெய்தான். 1947-ல் 'நாம் இருவர்' படத்தில் அவர் பாடிய பாரதியார் பாட்டுகள் மூலைமுடுக்கெல்லாம் ஒலித்தன. சினிமாவில் தேசபக்தியும் தெய்வபக்தியும் மட்டும்தான் பாடுவேன், காதல் பாட்டு பாடமாட்டேன் என்று கடைசிவரை உறுதியாக இருந்தார். 1970-ல் சங்கீத கலாநிதி, 1971-ல் பத்மபூஷண், 1998-ல் பத்மவிபூஷண். 2009 ஜூலை 16-ல், தொண்ணூறு வயதில் காலமானார். பேத்தி நித்யஸ்ரீ பாடுவதை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள்.

நான் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் என் அக்கா.

அறுபதுகளில் எங்கள் வீட்டில் குழித்தறிக்கு மேலே ஒரு பலகையில் ரேடியோ இருக்கும். நைனா நெய்துகொண்டே கேட்பார். பட்டம்மாள் கச்சேரி வந்தால் தறிச் சத்தம் நின்றுவிடும். கையில் நாடாவோடு அப்படியே உட்கார்ந்திருப்பார். அக்கா நூல் சுற்றிக்கொண்டே கூடப் பாடும். அக்காவுக்கும் கனத்த குரல். எனக்கு அது அழகாக இருக்கும்.

ஆனால் பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனையில் அக்காவைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். "ஆம்பளைக் குரல், மத்த பிள்ளைங்களோட சேரல, நீ வாயை மட்டும் அசை" என்று சொன்னார்களாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதது. மறுநாளிலிருந்து ரேடியோ பாடினாலும் அக்கா பாடவில்லை. நாங்களும் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டில் ஆயிரம் வேலை, யார் கேட்பது? காந்திமதி அம்மாளை ஆசாரம் வாயை அடைத்தது. என் அக்காவுக்கு ஒரு கேலி போதுமாக இருந்தது.

பேரன் அனுப்பிய பாட்டை அக்காவிடமும் போட்டுக்காட்டினேன். இப்போது எழுபத்தெட்டு வயது, காது கொஞ்சம் மந்தம். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டது. "இவனை யாரும் பின்வரிசையில நிக்கவைக்கல போல" என்றது. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

உங்கள் வீட்டில் பேத்தியோ பேரனோ கனத்த குரலில் பாடினால், உச்சத்தில் பாடு என்று விரட்டாதீர்கள். சுருதிப் பெட்டியைக் குழந்தையின் குரலுக்கு இறக்கி வையுங்கள். மெதுவாகப் பழுக்கட்டும்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றும்போது அக்கா ஏதோ முணுமுணுத்தது. நான் டிவியை நிறுத்திவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.