வெள்ளரிக்காட்டுக் குடில்

போலந்துக்காரரிடமோ ரஷ்யரிடமோ ‘மலினா’ என்று சொன்னால் நாக்கில் எச்சில் ஊறும். ராஸ்ப்பெரிப் பழத்துக்கு இரண்டு மொழியிலும் அதுதான் பெயர். கை பட்டால் நசுங்குகிற சிவப்புப் பழம். ஜாம் காய்ச்சுவார்கள், ஜலதோஷம் பிடித்தால் தேநீரில் போட்டுக் குடிப்பார்கள். 1941க்கும் 1944க்கும் நடுவில் வில்னா (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) நகரத்து யூதர் ஒருவரிடம் இதே சொல்லைச் சொல்லியிருந்தால், அவர் முதலில் வாசலைப் பார்த்திருப்பார். அவருக்கு மலினா என்றால் ஆள் ஒளிகிற பொந்து.

பழம் எப்படிப் பொந்தானது? நடுவில் திருடர்கள் இருக்கிறார்கள். ரஷ்யத் திருட்டுப் பாஷையில் கூட்டாளிகள் கூடுகிற, களவுப் பொருளைப் பதுக்குகிற இடத்துக்கு மலினா என்று பெயர். அந்தப் பாஷையில் எபிரேயச் சொற்கள் நிறைய உண்டு. கூட்டாளிக் கும்பல் ‘ஹெவ்ரா’, அடையாளச் சீட்டு ‘க்ஸீவா’; இரண்டும் யூதத் தெருக்களின் வழியாகப் போனவை. மலினாவும் அப்படிப் போனதுதான் என்று சொல்வோர், எபிரேயத்தின் ‘மெலூனா’வைக் காட்டுகிறார்கள். பழத்தின் பெயரையே திருடர்கள் மறைசொல்லாக வைத்துக்கொண்டார்கள் என்பாரும் உண்டு. என் ஓட்டு மெலூனாவுக்கு.

மெலூனா என்றால் தோட்டக் காவல்காரன் ராத்தங்கும் குடில். நம் தினைப்புனத்துப் பரண், பழைய சொல்லில் இதண், அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. பைபிளில் ஏசாயா ஆகமத்தின் முதல் அதிகாரத்திலேயே அது வருகிறது. பாழாய்ப்போன தேசத்தில் சீயோன் தனித்து நிற்பதற்கு வெள்ளரித் தோட்டத்துக் குடில் அங்கே உவமை. அதே வசனத்தில் முற்றுகையிடப்பட்ட நகரமும் உவமையாக வருகிறது. இரண்டும் ஒரே மூச்சில். ‘இரவு தங்கு’ என்பது வேர்ச்சொல். அதே வேரில் பிறந்த ‘மலோன்’ இன்றைய எபிரேயத்தில் ஓட்டல். மெலூனாவோ நாய்க்கூண்டு. சொற்களுக்கும் ஜாதகம் உண்டு போலிருக்கிறது.

இனி பொருளுக்கு வருவோம். 1941 ஜூன் 24 அன்று ஜெர்மானியர் வில்னாவுக்குள் நுழைந்தார்கள். செப்டம்பர் 6 அன்று யூதர்களைப் பழைய நகரின் சந்துகளுக்குள் தள்ளி இரண்டு கெட்டோக்களாக அடைத்தார்கள். நகரத்துக்கு வெளியே பொனார் காட்டில், எரிபொருள் தொட்டிகளுக்காகச் சோவியத்துகள் வெட்டிப் பாதியில் விட்ட குழிகள் இருந்தன. அழைத்துப் போனவர்களை அங்கே சுட்டார்கள்.

அக்டோபரில் மஞ்சள் நிற வேலைச் சீட்டு வந்தது; அது இருந்தவர்களை மட்டும் விட்டுவைத்தார்கள். ‘ஷைன்’ என்பார்கள், மொத்தம் 3,000. ஒரு சீட்டுக்கு மனைவி அல்லது கணவன், பதினாறு வயதுக்குக் கீழே இரண்டு பிள்ளைகள். அவ்வளவுதான் குடும்பம். அப்பா அம்மாவுக்கு அதில் இடமில்லை. மூன்றாவது பிள்ளைக்கும் இல்லை. சீட்டு வைத்திருந்த தனியாட்கள் முன்பின் தெரியாத பெண்ணை மனைவியாகவும், பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தம் பிள்ளையாகவும் எழுதிக்கொடுத்தார்கள். அப்படியும் சீட்டில் இடம் கிடைக்காதவர்களுக்கு மிஞ்சியது மலினா. ஷைன் ஜெர்மானியர் கொடுத்தது. மலினா யூதர்களே கட்டியது. திருடனுடைய சொல்லை ரபியும் வைத்தியரும் பாட்டியும் கூச்சமில்லாமல் சொல்லப் பழகினார்கள். உயிரோடு இருப்பதே குற்றம் என்று ஆகிவிட்ட ஊரில் வேறு எந்தச் சொல் பொருந்தும்?

ஓர் அறையைக் குறுக்கே சுவர் வைத்துச் சிறிதாக்குவார்கள். புதுச் சுவரில் பழைய அழுக்கைப் பூச வேண்டும். வாசல் துணி அலமாரியின் பின்பலகையிலோ ரொட்டி அடுப்பின் அடியிலோ கக்கூஸ் பீடத்துக்குக் கீழேயோ இருக்கும். உள்ளே தண்ணீர் வாளி, மலஜலத்துக்கு இன்னொரு வாளி, மெழுகுவர்த்தி. காற்று குறைந்தால் முதலில் சுடர் சுருங்கும். எல்லாரும் இறங்கியபின் அலமாரியைப் பழையபடி தள்ளி வைக்க ஒரு கை தேவை. அந்தக் கை பெரும்பாலும் சீட்டு வைத்திருந்தவருடையது. அவர் வெளியே நிற்க முடியும். கைக்குழந்தை இருந்தால் உள்ளே சேர்ப்பதா வேண்டாமா என்று சண்டை நடக்கும். காலடிச் சத்தம் தலைக்கு மேலே வரும்போது குழந்தை அழுதால் என்ன செய்தார்கள் என்பதைத் தப்பியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதற்குமேல் நான் எழுதப்போவதில்லை.

மனிதர்களுக்கு மட்டும் மலினா இருந்ததாக நினைக்க வேண்டாம். யூதர்களின் நூலகங்களைச் சூறையாட வந்த ஜெர்மன் குழு, தேர்ந்த நூல்களை ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டு மற்றதைக் காகித ஆலைக்குப் போடச் சொன்னது. பிரித்து அடுக்கும் வேலையைக் கெட்டோவின் கவிஞர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கொடுத்தது. அவ்ரஹாம் சுட்ஸ்கேவர், ஷ்மெர்கே கச்செர்கின்ஸ்கி ஆகியோர் அதில் இருந்தார்கள். கெட்டோவாசிகள் இவர்களைக் கேலியாகக் ‘காகிதப் பட்டாளம்’ என்றார்கள். பட்டாளம் ஒவ்வொரு மாலையும் சட்டைக்குள் கையெழுத்துப் பிரதிகளைக் கட்டிக்கொண்டு வாசலைக் கடந்தது. ஷாவெல் தெரு 6ஆம் எண் வீட்டுக்கு அடியில் தோண்டிய நிலவறையில் துப்பாக்கியும் இருந்தது, பெட்டி பெட்டியாகப் புத்தகமும் இருந்தது. போருக்குப் பின் அதே நூல்களில் ஒரு பகுதியைச் சோவியத் அதிகாரிகளிடமிருந்தும் ஒளிக்க வேண்டி வந்தது. இந்த முறை ஒரு தேவாலயக் கட்டிடத்துக்குள், அன்டானஸ் உல்பிஸ் என்ற லிதுவேனிய நூலகர் கையால். புத்தகங்களுக்கு இரண்டாவது மலினா.

ஒளிவது எதிர்ப்பாகுமா என்று அன்றே விவாதம் இருந்தது. 1942 ஜனவரியில் வில்னாவில் ஆயுதக் குழு அமைத்தவர்கள் பொந்தில் காத்திருப்பதை விரும்பவில்லை. எனக்கு வார்சா கெட்டோ விடை சொல்கிறது. 1943 ஏப்ரல் 19 அன்று அங்கே எழுச்சி தொடங்கியபோது ஆயுதம் ஏந்தியவர்கள் சில நூறு பேர். கெட்டோவில் மிச்சமிருந்தவர்களோ ஐம்பதாயிரத்துக்கு மேல். அவர்கள் நிலவறைகளை விட்டு வெளியே வர மறுத்ததால்தான் ஜெர்மன் தளபதி ஸ்ட்ரூப் வீடு வீடாகக் கொளுத்திக்கொண்டு போக நேர்ந்தது. அழித்த பதுங்கறைகள் 631 என்று தன் அறிக்கையில் கணக்குக் காட்டினான். அவற்றில் பெரிய ஒன்று மிவா தெரு 18இன் அடியில் இருந்தது. எழுச்சித் தலைவர் மொர்தெகாய் அனியெலெவிச் மே 8 அன்று மாண்டது அங்கேதான். அதைக் கட்டியவர்கள் போராளிகள் அல்லர். கெட்டோவின் கள்ளக்கடத்தல் கும்பல் தனக்காகக் கட்டியது. இடமில்லாமல் வந்த போராளிகளைச் சேர்த்துக்கொண்டது. வார்சாவில் ‘பங்கர்’ என்றே சொன்னார்கள். ஆனால் மலினாவின் பழைய அர்த்தம் முழுசாகப் பொருந்திய இடம் அதுதான்.

வில்னா கெட்டோ 1943 செப்டம்பரில் அழிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன் சுபாசியஸ் தெருவின் இரண்டு பெரிய அடுக்குமாடிகளில், ராணுவ வண்டி பழுதுபார்க்கும் முகாம் என்ற பெயரில், ஆயிரத்துக்கு மேற்பட்ட யூதர்களை ஜெர்மன் ராணுவ மேஜர் கார்ல் பிளாகே கொண்டுவந்து வைத்தார். 1944 மார்ச்சில் அவர் விடுப்பில் போயிருந்தபோது எஸ்.எஸ். படை வந்து குழந்தைகளை வாரிக்கொண்டு போனது. ஒளித்துவைத்த பிள்ளைகள் மட்டும் மிஞ்சினார்கள். அதன்பின் மலினா வேலை மும்முரமானது.

ஜூலை 1 அன்று பிளாகே முகாமில் பேசினார். எஸ்.எஸ். அதிகாரி பக்கத்தில் இருந்தார். எல்லாரையும் இடம் மாற்றப்போகிறோம், எஸ்.எஸ். காவலாக வரும், அது அகதிகளைக் காப்பதில் பேர்போன அமைப்பு, மூட்டை முடிச்சு எடுக்க வேண்டாம் என்ற அர்த்தத்தில் சொன்னார். கேட்டவர்களுக்கு உரை தேவைப்படவில்லை. மூன்று வருஷமாக ஜெர்மன் சொற்களைத் தலைகீழாக வாசித்துப் பழகியவர்கள். கணக்கெடுப்பில் பாதிப்பேருக்கு மேல் காணவில்லை. தேடிப்பிடித்துச் சுட்டார்கள். ஜூலை 13 அன்று சோவியத் படை நகரத்தைப் பிடித்தபோது அந்த முகாமிலிருந்து உயிரோடு இருந்தவர்கள் சுமார் 250 பேர்.

லிதுவேனியாவின் கோவ்னோ கெட்டோவில் இருந்து உயிர்பிழைத்த இஸ்ரேல் கப்லான் போர் முடிந்ததும் ம்யூனிக்கில் இருந்துகொண்டு, கெட்டோக்களில் புழங்கிய சொற்களையும் கேலிகளையும் மறைகுறிகளையும் சேகரித்து 1949இல் நூலாக்கினார். நாக்மன் புளூமெண்டால் அதற்கு முன்பே, நாஜிகள் புழங்கிய சொற்களைத் தொகுத்து ‘அப்பாவிச் சொற்கள்’ என்று பெயரிட்டிருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஒன்றில் ‘குடியமர்த்தல்’ என்றால் கொலை. மற்றதில் பழத்தின் பெயரைச் சொன்னால் அடைக்கலம்.

சுபாசியஸ் தெருக் கட்டிடங்கள் போருக்குப் பின்னும் நின்றன. 2017இல் ஆய்வாளர்கள் தரை ஊடுருவும் ரேடார் கருவியோடு போய் மலினா இருந்த இடத்தைத் தேடிக் கண்டார்கள். மேல்மாடிகளில் குடித்தனம் நடந்துகொண்டிருந்தது.