பொதுவில் வைத்த செயற்கூறுகள்



கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் ஆலை கடைந்தெடுத்த திருகாணியை மற்றோர் ஆலை செய்த மரை தடையின்றி ஏற்றுக்கொள்கிறது. இதில் வியப்பென்ன என்பீர்கள். ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயர் 1841-ஆம் ஆண்டில் திருகுப் புரிகளுக்குப் பொது அளவு வேண்டுமென்று எடுத்துரைக்கும் வரையில், பட்டறைக்கொரு புரியே வழக்கமாயிருந்தது. கணிப்பொறி நிரல்களின் வரலாற்றிலும் அத்தகைய காலம் ஒன்று இருந்தது.

1949-ஆம் ஆண்டு மே மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணிப்பொறி இயங்கத் தொடங்கிற்று. மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் அதனை அமைத்தோர், அடிக்கடி வேண்டப்படும் கணக்கு முறைகளைக் காகித நாடாக்களில் துளையிட்டு, எஃகு அலமாரியில் அடுக்கி வைத்தனர். வேண்டுவோர் அவற்றைத் தம் நிரலின் நாடாவில் படியெடுத்துக்கொள்வர். செயற்கூறு தன் வேலையை முடித்ததும் அழைத்த இடத்துக்கே திரும்பும் வழியை டேவிட் வீலர் வகுத்தளித்தார்.

அந்த அலமாரியின் வழித்தோன்றல்களுள் ஒன்றுதான் பெர்ல். லாரி வால் 1987-இல் வெளியிட்ட இம்மொழிக்கு 1994-இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது மாட்யூல் முறை அமைந்தது. செயற்கூறுகளைத் தனிக் கோப்பில் எழுதி வைத்தால், எந்த நிரலும் 'யூஸ்' என்ற ஒரு சொல்லால் அவற்றை அழைத்துக்கொள்ளலாம். மறு ஆண்டே சீபான் என்னும் பொதுக் களஞ்சியமும் இணையத்தில் திறக்கப்பட்டது.

ஆனால், பகிர்ந்துகொள்வதில் பெயர்ச் சிக்கல் உண்டு. நான் வருகைப் பதிவேடு எழுதிய நாட்களில் ஒரே வகுப்பில் மூன்று முருகன்கள் இருப்பர். தலைப்பெழுத்தே எங்களைக் காப்பாற்றும். ஓர் ஆலையின் நிரலில் கூலி மாட்யூலிலும் வருகை மாட்யூலிலும் 'மொத்தம்' என்றே ஒரு செயற்கூறு இருப்பதாகக் கொள்வோம். இரண்டும் தம் பெயரை நிரலுக்குள் இறக்கினால், பின்வந்தது முன்னதை மறைத்துவிடும். கூலித்தொகை நிற்கவேண்டிய இடத்தில் நாட்கணக்கு வந்து நிற்கும்; நட்டம் தொழிலாளிக்கு.

இதற்காகவே பெர்ல் ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனிப் பெயர்வெளி தருகிறது. மாட்யூலின் பெயரை முன்னே சேர்த்து அழைத்தால் குழப்பமில்லை. நீண்ட பெயர் வேண்டாவெனில் எக்ஸ்போர்ட்டர் என்னும் மாட்யூல் துணைபுரியும். அதில் இரு பட்டியல்கள் உண்டு: ஒன்றிலுள்ளவை கேளாமலே வந்து சேரும்; மற்றதிலுள்ளவை கேட்டால் மட்டுமே வரும். இரண்டாவதே என் மனத்துக்கு உகந்தது. வாரி வழங்குவது வள்ளல்களுக்கு அழகாகலாம், நிரலுக்கு அன்று.

பெர்லுடன் வரும் போசிக்ஸ் மாட்யூலோ பழைய வள்ளல். வெறுமனே அழைத்தால் தன்னிடமுள்ள பெயர்களில் பெரும்பாலானவற்றைக் கொட்டிவிடும். பின்னத்தைக் கீழுள்ள முழு எண்ணாக்கும் 'ஃப்ளோர்' மட்டும் வேண்டுமாயின், அழைக்கும் வரியிலேயே அப்பெயரை எழுதிவிடுங்கள், ஏனையவை வாரா.